எல்லாக் கட்டத்திலும் ‘இல்லை’

காப்புறுதிப் பத்திரத்தில் ஒரு வரிகூடப் படிக்காமல் அதற்கு உரை சொல்லக்கூடிய ஒரு ரக மனிதர் நம்மிடையே இருக்கிறார். இருக்கிறார் என்ன, நிறைந்திருக்கிறார். பஸ்ஸில் பக்கத்து இருக்கையில், கல்யாணப் பந்தியில் எதிர் இலையில், கிளினிக் வரிசையில் உங்களுக்கு முன்னால் என்று எங்கே தேடினாலும் ஒருவர் கிடைப்பார். தேடவும் வேண்டாம். “ஒரு இன்சூரன்ஸ் எடுக்கலாமான்னு பாக்குறேன்” என்று யாரிடமாவது மெல்லிய குரலில் சொல்லிப் பாருங்கள். நீங்கள் வாக்கியத்தை முடிப்பதற்குள் அவர் வந்து நிற்பார்.

அடையாளம் காண்பது எளிது. பத்திரம் இவரிடம் எப்போதும் பிளாஸ்டிக் உறைக்குள்தான் இருக்கும். உறையைத் தட்டுவார், தடவுவார், தூக்கிக் காட்டுவார், அதன்மேல் தேத்தண்ணிக் கோப்பையை வைக்க வந்தவரை அதட்டுவார். திறக்க மாட்டார். “சுருக்கமாச் சொன்னா” என்று தொடங்குவார். விரிவாக என்ன இருக்கிறது என்பது அவருக்கே தெரியாது. “சின்ன எழுத்தெல்லாம் சும்மா” என்பார். “அவ்வளவுதான் விஷயம்” என்று முடிப்பார். நாட்டிலுள்ள காப்புறுதி முழுவதும் இந்த மூன்று வாக்கியங்களுக்குள் அடங்கிவிடும்.

இலங்கை மலையகத்தில், டயகமப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே கங்காணியாக இருக்கும் செல்லசாமி இந்த ரகத்தில் முதல் தரம். வயது ஐம்பத்தாறு. சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. மூக்குக்கண்ணாடி ஒன்றும் உண்டு, ஆனால் அது நெற்றியில்தான் இருக்கும். மூக்குக்கு இறங்கி எவரும் பார்த்ததில்லை. காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்கள் கூடி, யார் எந்த மலைக்குக் கொழுந்தெடுக்கப் போவது என்று பேர் கூப்பிட்டு முடிக்க ஒரு கால் மணி நேரமாகுமல்லவா, அந்தக் கால் மணி நேரத்தில் ஓட வழியில்லாத எண்பது பேருக்கு அவர் காப்புறுதி போதித்தார். குளிரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்ற சனம் தலையாட்டியது. குளிருக்குத் தலை தானாகவே ஆடும் என்பது வேறு கதை.

ஹட்டனிலிருந்து காப்புறுதிக் கம்பெனியின் ஏஜண்ட் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்கு வரத் தொடங்கியபோது செல்லசாமியின் புகழ் உச்சிக்குப் போயிற்று. படிவம் நிரப்ப வேண்டுமா? கங்காணி வீட்டுக்குப் போ. அவர் படிவம் நிரப்பும் அழகே தனி. பேரும் முகவரியும் எழுதுவார். கடிதங்கள் எந்த மொழியில் வேண்டும் என்ற இடத்தில் சற்று நிதானித்து, ஆங்கிலம் என்று கோடு போடுவார். “இங்கிலீஷ்ல வந்தாத்தான் அதுக்கு ஒரு மதிப்பு.” அடுத்த பக்கம், நோய் விபரம். இருதய நோய் உண்டா, சீனி உண்டா, உயர் குருதி அமுக்கம் உண்டா என்று இருபத்திரண்டு கேள்விகள்; ஒவ்வொன்றுக்கும் ‘ஆம்’ என்று ஒரு கட்டம், ‘இல்லை’ என்று ஒரு கட்டம். செல்லசாமி தேயிலை நிரை பிடித்து மலையிறங்குவதுபோல் ‘இல்லை’ வரிசையில் இறங்குவார். சரக், சரக், சரக். அரை நிமிடத்தில் அடிவாரம்.

கேள்வியைப் படித்தாரா? எதற்கு?

“ஆமான்னு போட்டா பக்கத்துல ஒரு கோடு இருக்குதுல்ல, அதுல விபரம் எழுதணும். இல்லைன்னு போட்டா வேலை முடிஞ்சிது. அவ்வளவுதான் விஷயம்.”

ஏஜண்டுக்கு அவர் குலதெய்வமாகிவிட்டார். எந்த லயத்துக்கு வந்தாலும் முதல் தேத்தண்ணி கங்காணி வீட்டில்தான்.

தோட்டத்தில் ஒரே ஒருத்திதான் படிவத்தை அவரிடம் நீட்டவில்லை. அடுத்த லயத்துக் காளியாயி. கொழுந்தெடுக்கிறவள், நாற்பது வயது, எட்டாம் வகுப்புவரை படித்தவள். படிப்பது மெதுவாகத்தான். ஒவ்வொரு சொல்லின் கீழும் விரலை வைத்து, வாயை அசைத்து, வரி முடிந்தால் மூச்சுவிட்டு அடுத்த வரிக்குப் போவாள். அவள் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோனாள். மூன்று நாள் வைத்திருந்தாள். நாலாம் நாள் ஏஜண்டிடம், பொலிசியும் கடிதமும் தனக்குத் தமிழில்தான் வர வேண்டும் என்றாள். சீனி வருத்தம் என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று போட்டு, பக்கத்துக் கோட்டில் எந்த வருடத்திலிருந்து, எந்தக் குளிசை என்பதுவரை எழுதியிருந்தாள். அதனால் மாதக் கட்டணம் அவளுக்குக் கொஞ்சம் கூடிற்று.

செல்லசாமிக்கு ஒரு வாரம் அதுதான் சாப்பாடு. “கேட்டீங்களா, நம்ம காளியாயி கம்பெனிக்காரனுக்கு வீட்டுக் கதையெல்லாம் எழுதி அனுப்பியிருக்கா! எவனாச்சும் தன் வருத்தத்தைத் தானே சொல்லிக் காசு கூடக் கட்டுவானா?” பெரட்டுக் களம் சிரித்தது. காளியாயியும் சிரித்துவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு மலையேறினாள்.

அந்த மழைக்காலத்தில் அவள் நிரையில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டாள். அரசாங்க ஆஸ்பத்திரியில் ஆறு நாள். பார்க்கப்போன செல்லசாமி கட்டிலருகே நின்று தீர்ப்புச் சொன்னார்: “இது தர்ம ஆஸ்பத்திரி தங்கச்சி. இன்சூரன்ஸ் எல்லாம் பிரைவேட்டுக்கு மட்டும்தான். இங்க படுத்தா அஞ்சு சதம் வராது.”

அந்தத் தீர்ப்பை நம்பி அதற்கு முன் எத்தனையோ பேர் ஆஸ்பத்திரி வாட்டில் படுத்து எழுந்து, கம்பெனிக்கு ஒரு தாள்கூட அனுப்பாமல் இருந்துவிட்டார்கள். காளியாயி வீட்டுக்கு வந்து, காலை நீட்டி உட்கார்ந்து, தமிழில் வந்திருந்த பொலிசியில் விரலை வைத்தாள். ஆஸ்பத்திரியில் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் இவ்வளவு என்று இருந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியும் சேரும் என்று அடுத்த வரியிலேயே இருந்தது. விண்ணப்பித்தாள். பணம் வந்தது.

இப்படி ஒன்று நடந்தால் நம் ரகத்தார் வாய் மூடுவார் என்றா நினைக்கிறீர்கள்?

“தவறுதலாக் குடுத்துட்டாங்க” என்றார் செல்லசாமி. “திருப்பிக் கேப்பாங்க. பாத்துக்கிட்டே இருங்க.”

சரி, அடுத்தவர் விஷயத்தில் வாய் வீரம் எல்லோருக்கும் வரும். ஆனால் சோதனை அவர் வீட்டுக்குள்ளேயே வந்தது. அவருடைய மனைவி பேச்சியம்மாவுக்கு வயிற்றில் வலி. முதலில் வாய்வு என்றார்கள், கசாயம் வைத்தார்கள். பிறகு ஒரு விடியற்காலை அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தபோது, செல்லசாமிக்கு நெற்றியிலிருந்த கண்ணாடி கீழே விழுந்ததுகூடத் தெரியவில்லை. ஸ்கேன் எடுத்ததில் பித்தப்பையில் கல். அரசாங்க ஆஸ்பத்திரியில் சும்மாவே செய்வார்கள். ஆனால் வரிசைப்படி திகதி நாலு மாதத்துக்குப் பிறகு. டொக்டர் அவ்வளவு நாள் வைக்க வேண்டாம் என்றார். செல்லசாமி பிளாஸ்டிக் உறையைத் தட்டினார். “நம்மகிட்ட இது எதுக்கு இருக்கு? பிரைவேட்டுக்கே போவோம்.”

தனியார் ஆஸ்பத்திரியில் தாதி ஒரு தாளை வைத்துக்கொண்டு கேட்கத் தொடங்கினாள். வேறு வருத்தம் ஏதாவது உண்டா? பேச்சியம்மா வாயைத் திறப்பதற்குள் செல்லசாமி, “இல்லைங்க” என்றார். மருந்து ஏதாவது குடிக்கிறாரா? “இல்லைங்க.” ஒவ்வாமை? “அதுவும் இல்லைங்க.” பழக்கதோஷம். தாதி கையில் பட்டியைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தாள். முகம் மாறிற்று. டொக்டரைக் கூப்பிட்டாள். ஒப்பரேஷன் அன்றைக்கு நடக்கவில்லை.

பேச்சியம்மாவுக்கு ஏழு வருடமாகப் பிரஷர். மாதம் தவறாமல் கிளினிக் போகிறவள். அவளுக்குத் தினமும் காலையில் குளிசையையும் தண்ணீரையும் எடுத்துக் கொடுப்பவர் யாரென்று நினைக்கிறீர்கள்? செல்லசாமியேதான்.

“ஏங்க, அந்தக் குளிசையச் சொல்லலையா நீங்க?” என்று கட்டிலிலிருந்தபடி கேட்டாள் பேச்சியம்மா.

“அது சும்மா பிரஷரு. அது ஒரு வருத்தமா?”

“மயக்க மருந்து குடுத்த பெறகு தெரிஞ்சிருந்தா?” என்றார் டொக்டர். செல்லசாமி வராந்தாவில் கிடந்த மர வாங்கில் போய் உட்கார்ந்தார். இரண்டு நாள் மருந்து கொடுத்துப் பிரஷரை இறக்கி ஒப்பரேஷன் செய்யும்வரைக்கும் அவர் அந்த வாங்கிலிருந்து எழுந்திருக்கவும் இல்லை, யாருக்கும் எதையும் விளக்கவும் இல்லை. அவர் வாழ்க்கையிலேயே மிக நீளமான மௌனம் அதுதான். ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. வீடு திரும்பிய மறுநாள் பெரட்டில் அவர் சொன்னார்: “அவங்க மெஷின் பழுது.”

பில்லையெல்லாம் கட்டுக்கட்டி அனுப்பினார். இரண்டு வாரத்தில் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம். ஆங்கிலத்தில். செல்லசாமி அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். ஒரே ஒரு தாள். தருவதாயிருந்தால் காசோலையும் சேர்த்து இரண்டு தாளாக வந்திருக்கும். ஒரு தாள் வந்திருக்கிறது, ஆகவே தர மாட்டார்கள். தர்க்கம் எப்படி?

“இல்லைன்னு எழுதிட்டான்” என்று அறிவித்தார். அன்று தொடங்கிற்று போர். பஸ்ஸில், சலூனில், கோயில் கூட்டத்தில், கினிகத்தேனையில் மருமகன் வீட்டுக்குப் போனபோது அங்கே இறங்கிய கடைத்தெருவில் முன்பின் தெரியாதவரிடம்கூட, கம்பெனி ஒரு திருட்டுக் கம்பெனி என்று விளக்கினார். வழக்குப் போடப்போவதாகச் சொன்னார். அவர் பேச்சைக் கேட்டு மேல் லயத்தில் மூன்று குடும்பங்கள் மாதக் கட்டணம் கட்டுவதை நிறுத்திவிட்டன. கடிதம் மட்டும் உறைக்குள் பத்திரமாக இருந்தது.

நாலாவது வாரம் வெள்ளிக்கிழமை, காளியாயி பேச்சியம்மாவைப் பார்க்க வந்தாள். போர்ச் செய்தி முழுவதையும் கேட்டுவிட்டு, “அண்ணே, கடிதத்துல என்ன போட்டிருக்காம்?” என்றாள்.

“அதான் சொன்னேனே. தர மாட்டானாம்.”

“யாரு வாசிச்சது?”

செல்லசாமி நெற்றிக் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “வாசிக்க என்னா இருக்கு அதுல?”

பேச்சியம்மா எழுந்து, தையல் போட்ட வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, உறையைத் திறந்து கடிதத்தைக் காளியாயியிடம் கொடுத்தாள். காளியாயிக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் விரல் வரி வரியாகப் போயிற்று. ஓரிடத்தில் நின்றது. “முப்பதுன்னு ஒரு நம்பர் இருக்குங்க. கீழ ஒரு டெலிபோன் நம்பரும் இருக்கு.” மறுநாள் காலை அவள் அந்த எண்ணுக்குப் பேசி, கடிதத்தில் இருப்பதைக் கேட்டுக்கொண்டாள்.

கடிதத்தில் ‘தர மாட்டோம்’ என்று எங்கேயும் இல்லை. ஆஸ்பத்திரித் தாளில் பிரஷர் என்று இருக்கிறதே, படிவத்தில் இல்லை என்று போட்டிருக்கிறீர்களே, கிளினிக் கொப்பியையும் ஒரு விளக்கத்தையும் முப்பது நாளுக்குள் கொடுங்கள் என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்கள். முப்பதாவது நாள் செவ்வாய்க்கிழமை. நடுவில் ஞாயிறு; திங்கள் பௌர்ணமிப் போயா விடுமுறை.

செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் மூவரும் ஹட்டனுக்குப் போனார்கள். கிளைக் காரியாலயத்தில் தயானி என்ற யாழ்ப்பாணத்துப் பெண் இருந்தாள். படிவத்தை எடுத்து மேசையில் விரித்தாள்.

“கையெழுத்து வைச்சது நீங்களோ அம்மா?”

“ஆமாங்க” என்றாள் பேச்சியம்மா.

“வாசிச்சுப் பாத்திட்டோ வைச்சனீங்கள்?”

“இவரு வைக்கச் சொன்ன எடத்துல வச்சேங்க.”

தயானி செல்லசாமியைப் பார்த்தாள். “ஐயா, இருபத்திரண்டு கேள்விக்கும் இல்லையெண்டு போட்டிருக்கிறியள். ஏழு வருசமாப் பிரஷர் எண்டு கொப்பியிலை கிடக்கு. இது மறைச்ச மாதிரியெல்லோ?”

“மறைக்கலைங்க...” சுருக்கமாகச் சொன்னால் என்று தொடங்கப் பார்த்தார், வரவில்லை. பேச்சியம்மா அவரைப் பார்க்கவில்லை, சுவரிலிருந்த கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “நா கேள்விய வாசிக்கலைங்க” என்றார் செல்லசாமி. “அவளையும் ஒரு வார்த்த கேக்கலை.” அதைச் சொல்லும்போது அவர் குரல் பெரட்டுக் குரலாக இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் பேர் கூப்பிடக் காத்திருப்பவரின் குரலாக இருந்தது. உண்மையில் அந்தச் சின்ன எழுத்து அவர் கண்ணுக்குத் தெரியவே இல்லை. கண்ணாடி ஹட்டன் சந்தையில் வாங்கியது, கண் சோதித்து வாங்கியதல்ல. கண் மங்கிப்போயிற்று என்று சொன்னால் பெரட்டில் யார் மதிப்பார்கள் என்று அதை நெற்றியிலேயே வைத்திருந்தார். அது பேச்சியம்மாவுக்குத் தெரியும். அவள் யாரிடமும் சொன்னதில்லை.

இதற்கிடையில் ஒரு விரல் படிவத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு. அதற்குக் கீழே, கையெழுத்துக்குச் சற்று மேலே, இன்னொரு வரி.

“தங்கச்சி, இங்க பாருங்க” என்றாள் காளியாயி. மெதுவாகப் படித்தாள். “மே... லே உள்ள கேள்விகள் யாவும் எனக்கு வாசித்து விளக்கப்பட்டன, அவற்றை நான் விளங்கிக்கொண்டேன்.” விரல் வலது பக்கம் போயிற்று. “இதுக்கும் அண்ணே இல்லைன்னுதான் போட்டிருக்காரு.”

தயானி குனிந்து பார்த்தாள். சரக் என்று ஓடிவந்த பேனா நிற்க இடமில்லாமல் அந்தக் கட்டத்தையும் ஒரு இழுப்பு இழுத்திருந்தது.

“விளங்கலைன்னு எழுதிக் குடுத்த போமை நீங்க எப்படிங்க எடுத்தீங்க?” என்று கேட்டாள் காளியாயி. சண்டைக் குரல் இல்லை, சந்தேகம் கேட்கும் குரல்தான். “திருப்பியில்ல அனுப்பியிருக்கணும்? என்னோட பொலிசியில கடைசிப் பக்கத்துல, திருப்தியில்லைன்னா காப்புறுதிக் குறைகேள் அதிகாரிக்கு எழுதலாம்னு அட்ரஸும் போட்டிருக்கே. அவருக்கு எழுதினா இதைத்தானே அவரும் கேப்பாரு?”

தயானி படிவத்தை எடுத்துக்கொண்டு உள்ளே மெனேஜரிடம் போனாள். கதவுக்குப் பின்னால் சிங்களத்தில் நீண்ட பேச்சு. நடுவில் ஒரு சிரிப்பு. பிறகு ஏஜண்டின் பேர் இரண்டு தரம் சத்தமாகக் கேட்டது. வெளியே வந்து, நடந்ததை நடந்தபடி ஐயா கைப்பட எழுதித் தரட்டும் என்றாள். செல்லசாமி சொல்லச் சொல்ல எழுதியவள் காளியாயி. கைப்பட என்றால் யார் கை என்று எவரும் கேட்கவில்லை.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. இம்முறை தமிழில். பித்தப்பைக் கல்லுக்கும் பிரஷருக்கும் தொடர்பில்லை, படிவத்தை ஏற்றதில் தங்கள் பக்கத்திலும் தவறு இருக்கிறது, ஆகவே பணம் தருகிறோம், இனிமேல் பிரஷரையும் சேர்த்துக் கட்டணம் சற்றுக் கூடும் என்றிருந்தது. அதைப் பேச்சியம்மா தன் கையாலேயே பிரித்து, காளியாயியை வாசிக்கச் சொல்லி, இரண்டு தரம் கேட்டாள். காப்புறுதி உறையும் அன்றிலிருந்து அவளுடைய பெட்டியில்தான்.

திருந்தினார் செல்லசாமி என்று எழுதி முடிக்க எனக்கும் ஆசைதான். மறுநாள் பெரட்டில் அவர் பேசியதைக் கேளுங்கள்.

“அந்தக் கடைசிக் கட்டத்துல நா வேணும்னுதான் இல்லைன்னு போட்டேன். அது ஒரு பிடி. எப்பவும் ஒரு பிடி வச்சிருக்கணும். அவ்வளவுதான் விஷயம்.”

அதோடு நின்றாரா? அனுபவத்திலிருந்து பாடமும் கற்றுக்கொண்டார். இல்லை என்று போட்டதால்தானே வில்லங்கம்? ஆகவே இனி எல்லாவற்றுக்கும் ‘ஆம்’. த்ரீவீல் ஓட்டும் திலக்ஷன் அவசரமாக ஒரு படிவத்தைக் கொண்டுவந்தான். பேனா ‘ஆம்’ வரிசையில் இறங்கிற்று. இருபத்தேழு வயதுத் திலக்ஷனுக்கு இருதய நோய் ஆம், சிறுநீரகக் கோளாறு ஆம், விமானத்திலிருந்து குதிக்கும் பழக்கம் ஆம், தற்போது கர்ப்பமாக இருக்கிறீர்களா, ஆம். எத்தனையாவது மாதம் என்று கேட்டுத் தயானி தொலைபேசியில் பேசியபோது, திலக்ஷன் வண்டியை ஓரங்கட்டிவிட்டுத்தான் பதில் சொன்னானாம்.

இவ்வளவுக்குப் பிறகு சனம் யாரிடம் போயிருக்க வேண்டும்? காளியாயியிடம். போனார்கள். மேல் லயத்து மூன்று குடும்பங்களும் அவளிடம் வந்து கேட்டுவிட்டு, விட்ட கட்டணத்தைக் கட்டிப் பொலிசியைக் காப்பாற்றிக்கொண்டன. தர்ம ஆஸ்பத்திரியில் சும்மா படுத்து வந்த சிலரும் பழைய தாள்களைத் தேடி எடுத்தார்கள். சிலருக்குக் கிடைத்தது, சிலருக்குக் காலம் கடந்துபோயிற்று. ஆனால் காளியாயி ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் எடுக்கிறாள். எதற்கெடுத்தாலும், “இருங்க, பாத்துட்டுச் சொல்றேன்” என்கிறாள். சில நேரம், “எனக்கு வெளங்கலை, கம்பெனியக் கேட்டுச் சொல்றேன்” என்றுகூடச் சொல்லிவிடுகிறாள். பொறுமையுள்ளவர்கள் அவள் வாசலில் காத்திருக்கிறார்கள். மற்றவர்கள் மெல்ல நழுவி, கங்காணி வீட்டுப் பக்கம் போய்விடுகிறார்கள். அங்கே அரை நிமிடத்தில் பதில் கிடைக்கும். நமக்கு வேண்டியது பதில்தானே? சரியான பதில் என்று யார் கேட்டது?

நீங்கள் அப்படியல்ல, எனக்குத் தெரியும். நீங்கள் படித்தவர். போனில் ஏதோ ஒன்றைத் தரவிறக்கும்போது நாற்பது பக்க நிபந்தனை ஒன்று வருமே, அதை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்து, யோசித்து, அதன் பிறகுதான் ‘சம்மதம்’ என்பதை அமுக்குகிறீர்கள். வங்கியில், ஆஸ்பத்திரியில், பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் நீட்டிய தாள் ஒவ்வொன்றையும் வாசித்துவிட்டுத்தான் பேனாவைத் திறக்கிறீர்கள். போன வாரம் உங்கள் நண்பரின் காப்புறுதி பற்றி நீங்கள் அவ்வளவு உறுதியாகச் சொன்ன ஆலோசனையும் எங்கேயோ படித்ததாகத்தான் இருக்க வேண்டும். ஒரே ஒரு சந்தேகம் மட்டும் எனக்கு. இந்தச் சித்திரத்தில் பேச்சியம்மாவின் ஒப்பரேஷன் எத்தனை நாள் தள்ளிப்போயிற்று? மேலே போய்ப் பார்க்கக் கூடாது. தெரியவில்லையா? நடுவில் ஒன்றிரண்டு பந்தியைத் தாண்டித்தான் வந்தீர்களா? பரவாயில்லை, யாரிடமும் சொல்ல மாட்டேன். கீழே ஒரு கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் போங்கள்.